குருவி கடைசிப் படத்துக்குப் பறந்த நாள்

அன்று காலை வாத்தியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மழலையர் வகுப்புதானே, நாலு பாட்டு, ரெண்டு கதை, ஓட்டிவிடலாம் என்று நினைத்து வேலைக்குச் சேர்ந்த மனிதர். சேர்ந்த வாரத்திலேயே நாக்கு தள்ளிவிட்டது. பெரிய மீசை வைத்திருப்பார். நாலு வயசுப் பிள்ளைகளுக்கு மீசையெல்லாம் ஒரு பொருட்டா? வகுப்பில் முன்னால் நிற்பவர் யாராக இருந்தாலும் அவர் மிஸ். “சார்னு கூப்பிடணும், என்ன?” என்று திருத்திப் பார்த்தார். “சரி மிஸ்” என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. அதோடு அந்த ஆசையை விட்டுவிட்டார்.

அவருடைய பெருமை முழுக்கச் சுவரில் தொங்கியது. பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கயிறு, அதில் வரிசையாக அட்டைகள். முதல் அட்டையில் கொக்கியில் மாட்டிய பை. அடுத்ததில் வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள். அப்புறம் விளையாட்டுக் கட்டைகள், வாழைப்பழம், ஊஞ்சல், சாப்பாட்டுத் தட்டு, பாய், கதைப் புத்தகம். கடைசியில் ஒரு வீடு. மணி பார்க்கத் தெரியாத பிள்ளைகளுக்கு ஒரு நாள் என்பது அவ்வளவுதான். துணி காயப்போடுகிற கிளிப் ஒன்றுக்கு மஞ்சள் சாயம் அடித்து, காகித இறக்கை ஒட்டி, அதைக் குருவி ஆக்கியிருந்தார். குருவி எந்த அட்டையில் உட்கார்ந்திருக்கிறதோ, அந்த வேலை நடக்கும். அவர் மணியை ஆட்டினால் குருவி அடுத்த அட்டைக்குப் போகும். தினமும் ஒரு பிள்ளைக்குக் குருவி வேலை. அந்த வேலைக்கு வகுப்பில் நடக்கும் அடிதடி மந்திரி பதவிக்குக்கூட நடக்காது.

குருவி வந்த பிறகு வகுப்பின் லட்சணமே மாறிவிட்டது. “மிஸ், எப்ப சாப்பாடு? மிஸ், எப்ப வெளிய?” என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்த கூட்டம், இப்போது திரும்பிச் சுவரைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. பள்ளியின் தலைமை ஆசிரியையான பெரிய மிஸ்ஸுக்கு மட்டும் அது ரசிக்கவில்லை. “கடிகாரம் மாட்டியிருக்கே, அதுக்கு என்ன குறைச்சல்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த வகுப்பில் ஒருத்தி மட்டும் சுவர்ப்பக்கம் வராமல் வாசலிலேயே நின்றாள். காலையில் அம்மா கையை விடுவித்துக்கொண்ட இடத்திலேயே, பையைக்கூடக் கழற்றாமல் நிற்பாள். உள்ளே வருகிறவர்களையும் வெளியே போகிறவர்களையும் மேலும் கீழும் பார்ப்பாள். அழுகை வந்தால் அதையும் நின்றபடியே அழுவாள். வகுப்பில் ஒத்தாசைக்கு இருக்கும் ஆயாம்மா அவளுக்கு வாட்ச்மேன் என்று பேர் வைத்தார். “நம்ம வாட்ச்மேன் டூட்டிக்கு வந்தாச்சு சார்” என்பார் தினமும். அந்தப் பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

வாட்ச்மேனின் அம்மா டவுன் பஸ் ஓட்டுகிறவர். அப்பாவுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி கடலில் போய்விடும். மகளைச் சேர்த்த நாளிலிருந்து அந்த அம்மா பாதி ஷிஃப்ட் வாங்கிக்கொண்டு, பழம் சாப்பிடும் நேரத்துக்குப் பஸ் டிரைவர் உடுப்போடு ஓடிவந்து அவளைக் கூட்டிக்கொண்டு போவார். இதைப் பார்த்த வாத்தியாருக்கு ஒரு யோசனை தோன்றியது. தொப்பி வைத்த அம்மா ஒருத்தியை வரைந்து வெட்டி, வாழைப்பழ அட்டைக்குக் கீழே சுவரில் பசை போட்டு ஒட்டினார். “இங்க பாரு கண்ணு. குருவி எப்ப அம்மாகிட்ட வருதோ, அப்ப அம்மா வந்துருவாங்க. சரியா?” என்றார். அவள் படத்தைப் பார்த்தாள், குருவியைப் பார்த்தாள், தலையாட்டினாள். அன்றைக்கே அழுகை பாதியாகக் குறைந்தது. வாத்தியார் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார். அந்தத் தட்டலுக்கு இன்றைக்குத்தான் பலன் கிடைக்கப்போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நேற்று சாயங்காலம் அந்த அம்மா போன் செய்திருந்தார். இன்று காலை கேட்டுக்குப் பக்கத்தில் அதையே மறுபடி சொன்னார், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

“டிப்போவுல கண்டிப்பா சொல்லிட்டாங்க சார். இன்னைலேருந்து முழு ஷிஃப்ட். நடுவுல இறங்கி வர்றதா இருந்தா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம். எனக்கு இத விட்டா வேற வேலை தெரியாது சார்.”

“நீங்க தைரியமா போங்கம்மா. நான் பாத்துக்கறேன்.”

“ஸ்கூல்லேருந்து போன் வராதுல்ல சார்?”

“வராது” என்றார் வாத்தியார். சொல்லி முடித்த பிறகுதான் எவ்வளவு பெரிய வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்பது உறைத்தது.

பெரிய மிஸ் வராந்தாவிலேயே அவரை மடக்கினார். “சார், எனக்கு ஒரு புள்ள மட்டும் இல்ல. அது அழுதா மொத்த வகுப்பும் அழுவுது. மதியச் சாப்பாடு வரைக்கும் பொறுத்துப் பார்ப்பேன். அதுக்குள்ள அடங்கலன்னா அவங்கம்மாவுக்கு போன் பண்ணிடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது.” கையில் போனை வைத்துக்கொண்டே சொன்னார். வாத்தியார் அந்தப் போனையே பார்த்தார். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு துள்ளல் இருக்கத்தான் செய்தது. இன்றைக்கு முழு நாள் இருந்துவிட்டாள் என்றால் அப்புறம் என்றைக்கும் இருந்துவிடுவாள். குருவி இருக்கிறது, அட்டைகள் இருக்கின்றன, தானும் இருக்கிறோம், பார்த்துவிடலாம் ஒரு கை என்று உள்ளே நுழைந்தார்.

நுழைந்ததும் முதல் அடி விழுந்தது. வாட்ச்மேன் வாசலில் இல்லை. சுவருக்கு முன்னால் நின்று வாழைப்பழ அட்டைக்குக் கீழே இருந்த வெற்றுச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். அம்மா படத்தை நேற்றே உரித்து எடுத்து, கடைசி வீட்டு அட்டைக்குக் கீழே அழுத்தி ஒட்டிவிட்டுப் போயிருந்தார் வாத்தியார். காலையில் அவளிடம் நிதானமாக விளக்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். காலை எங்கே நிதானமாக வந்தது?

அவள் கயிறு ஓரமாகவே நடந்து போனாள். ஊஞ்சல், தட்டு, பாய், புத்தகம். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டாள். கடைசியில் அம்மா படத்தைக் கண்டுபிடித்து நின்றாள்.

“மிஸ், அம்மா ஏன் அவ்வளவு தூரம் போயிட்டாங்க?”

“இன்னைக்கு அம்மாவுக்கு நிறைய வேலை கண்ணு. குருவி மெதுவா ஒவ்வொண்ணா போய்க் கடைசியில அம்மாகிட்ட வரும். அப்ப வந்துருவாங்க.”

“நடுவுல இருக்கிற இவங்கல்லாம் யாரு?”

ஊஞ்சலும் தட்டும் பாயும் அவளுக்கு அந்நியர்கள். மூன்று வாரமாக அவள் பழத்தோடு வீட்டுக்குப் போனவள் அல்லவா? வாத்தியார் பதில் சொல்வதற்குள் யாரோ அவர் காலைக் கட்டிக்கொண்டார்கள், யாருக்கோ மூக்கு ஒழுகியது, மணி அடிக்க வேண்டியிருந்தது. அவள் அழவில்லை. அம்மா படத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பசை விடவில்லை. பேசாமல் வாசலுக்குத் திரும்பிப் போய் நின்றுகொண்டாள். அழாததைப் பார்த்து வாத்தியார் சந்தோஷப்பட்டார். பாவம், அவள் யோசிக்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

வட்டம் நன்றாகவே போனது. பாட்டும் உண்டு, ஆட்டமும் உண்டு, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டதும் உண்டு. குருவி கட்டை விளையாட்டுக்குப் போனது. இன்றைய குருவிக்காரி இரட்டைச்சடை. பொறுப்பான பிள்ளை. பொறுப்பு அதிகமாகி, கட்டைகளுக்குச் சாயம் அடிக்கும் மேஜையில் எல்லோரையும் மேற்பார்வை பார்க்கக் குனிந்தாள். ஒரு சடை நேராக நீலச் சாயக் கிண்ணத்தில் இறங்கியது. அவள் போட்ட கூச்சலில் ஜன்னல் அதிர்ந்தது. வாத்தியார் அவளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்கு ஓடினார். ஆயாம்மா பக்கத்து அறையில் பழத்தைத் தட்டுகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். சடை ஒன்றுதான், ஆனால் சாயம் போகிற பாடாக இல்லை. தேய்க்கத் தேய்க்க வாத்தியாரின் கை, சட்டை, மீசை எல்லாம் நீலம்.

தண்ணீர்ச் சத்தம் நின்றபோது அவருக்கு ஒன்று உறைத்தது. வகுப்பு அமைதியாக இருந்தது. மழலையர் வகுப்பில் சத்தம் இருந்தால் பயமில்லை. அமைதி வந்தால்தான் ஓட வேண்டும். ஓடினார்.

மொத்த வகுப்பும் வாசலில் வரிசையாக நின்றுகொண்டிருந்தது. எல்லோர் முதுகிலும் பை. எல்லோர் காலிலும் ஷூ. இடது வலது மாறியிருந்தால் என்ன, போட்டாயிற்று. கட்டைகள் எல்லாம் பெட்டிக்குள் அடுக்கப்பட்டிருந்தன. தினமும் கெஞ்சிக் கூத்தாடினாலும் நடக்காத அடுக்கல். வீட்டுக்குப் போகும்போது பாடும் டாட்டா பாட்டின் கடைசி அடியை வரிசை பாடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளலாம். வரிசையின் வாலில் ஆயாம்மா தன் கைப்பையை மாட்டிக்கொண்டு, குடையோடு நின்றதைத்தான் வாத்தியாரால் தாங்க முடியவில்லை.

“ஆயாம்மா, நீங்க எங்க கிளம்பிட்டீங்க?”

“குருவி வீட்டுல உக்காந்திருக்கே சார். இன்னைக்கு நேரம் போனதே தெரியலயேன்னு நினைச்சேன்” என்றவர், கையில் இன்னும் இருந்த வாழைப்பழத்தைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வாத்தியார் சுவரைப் பார்த்தார். குருவி கடைசி அட்டையில் உட்கார்ந்திருந்தது. அதுவும் அம்மா படத்தின் தொப்பிக்கு மேலேயே. வரிசையின் தலையில் வாட்ச்மேன் நின்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்தச் சிரிப்பை அவர் இதுவரை பார்த்ததே இல்லை.

“நான்தான் வச்சேன் மிஸ். குருவி அம்மாகிட்ட வந்துடுச்சு. அம்மா வந்துருவாங்க.”

 அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அவர் சொன்ன விதியை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறாள். குருவி வந்தால் அம்மா வருவாள் என்று சொன்னது யார்? இதே மீசைதானே? இப்போது பேசாமல் குருவியை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தால், மிஸ் ஏமாற்றுகிறார் என்று நினைப்பாள். சும்மா சொன்னேன், அது வெறும் கிளிப்தான் என்று உண்மையைச் சொன்னால், வகுப்புக்கே நாளில்லாமல் போய்விடும். அப்படியே விட்டுவிட்டால் இன்னும் கொஞ்ச நேரத்தில் அம்மா வராதது தெரிந்து கத்துவாள். பெரிய மிஸ் போனை எடுப்பார். எங்கேயோ ஒரு டிரைவர் சீட்டில் மணி அடிக்கும்.

“எங்கம்மாவும் வந்துருவாங்களா?” என்று வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. தலைவர் என்று எல்லோரும் கூப்பிடும் பையன். யார் எங்கே நிற்க வேண்டும் என்று ஊருக்கே உத்தரவு போடுகிறவன். “எங்கம்மா வந்தா எனக்கு ஊஞ்சல் கிடையாதே!”

“எங்கம்மாதான் வருவாங்க. பஸ்ல” என்றாள் வாட்ச்மேன்.

“எந்த பஸ்?”

அவ்வளவுதான், வாயே திறக்காத பிள்ளைக்கு வாய் திறந்தது. “எங்கம்மா பஸ் பெருசு. முதல்ல டிப்போ. அப்புறம் ஆஸ்பத்திரி ஸ்டாப். அப்புறம் மார்க்கெட், அங்க கூட்டமா ஏறுவாங்க. அப்புறம் பாலம், பாலத்துல வண்டி நிக்கும், எப்பவும் நிக்கும். அப்புறம் மில்லு. அப்புறம்தான் கடைசி ஸ்டாப்.” லீவு நாளெல்லாம் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து போன பிள்ளை. பேச்சில் ஒரு ஸ்டாப் தவறவில்லை.

வாத்தியார் சட்டென்று அவள் உயரத்துக்கு மண்டியிட்டு உட்கார்ந்தார்.  பிடி கிடைத்துவிட்டது என்று தெரிந்தது, இறுக்கிப் பிடிக்க வேண்டுமே!

“எனக்கு ஒரு சந்தேகம் கண்ணு. உங்கம்மா டிப்போவுல ஏறினதும், எந்த ஸ்டாப்லயும் நிக்காம நேரா கடைசி ஸ்டாப்புக்குப் போயிட்டா என்ன?”

அவள் கண்கள் விரிந்தன. இப்படியும் ஒரு அநியாயம் உண்டா என்பதுபோல் பார்த்தாள். “அய்யய்யோ! ஜனங்க திட்டுவாங்க மிஸ்! மார்க்கெட்ல கூடை வச்சுட்டு நிக்கிறவங்க பாவம்! அம்மா அப்படிப் போகவே மாட்டாங்க!”

“அப்ப நம்ம குருவி?” என்று சுவரைக் காட்டினார். “பாரு, கட்டையிலேருந்து நேரா வீட்டுக்குப் போயிடுச்சு. ஊஞ்சல் ஸ்டாப்ல யாராவது நின்னாங்கன்னா?”

“நான்! நான் நிக்கிறேன்! ஊஞ்சல் ஸ்டாப்ல நான்தான் நிக்கிறேன்!” என்று தலைவர் வரிசையை உடைத்துக்கொண்டு குதித்தான்.

“நான் பழ ஸ்டாப்!” “நான் கதை! நான் கதை!” வரிசை கலகலத்துப்போனது. ஈரச் சடையோடு வந்து நின்ற இரட்டைச்சடை, “என் குருவிய யார் தொட்டது?” என்று தனியாக ஒரு பஞ்சாயத்தை ஆரம்பித்தாள். ஆயாம்மா குடையைக் கீழே வைத்துவிட்டு, “நானும் சாப்பாட்டு ஸ்டாப்லதான் நிக்கிறேன், என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க!” என்றார்.

வாட்ச்மேன் எல்லோரையும் பார்த்தாள். குருவியைப் பார்த்தாள். அம்மா படத்தைப் பார்த்தாள். அந்தச் சின்ன முகத்தில் அவ்வளவு கணக்கு ஓடியது. வாத்தியார் மண்டியிட்டபடியே இருந்தார். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னாலும் கெட்டுப்போகும் என்று அவருக்குத் தெரிந்தது. மீசையைக் கடித்துக்கொண்டார். நீலச் சாயம் கசந்தது.

அவள் மெதுவாக நடந்து போய்க் குருவியைக் கழற்றினாள். கயிறு ஓரமாக அதைப் பின்னால் நகர்த்தினாள்.

“பீப்… பீப்… பீப்…”

ரிவர்ஸ் எடுக்கிறாள்! வாத்தியாருக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. புத்தகம், பாய், தட்டு, ஊஞ்சல் எல்லாவற்றையும் தாண்டிப் பின்னால் வந்து, பழத்தில் நிறுத்தினாள். “பழ ஸ்டாப் வந்துடுச்சு. இறங்குறவங்க இறங்கு!” என்றாள்.

அப்புறம் அந்த வகுப்பில் வாத்தியாருக்கு வேலையே இல்லாமல் போயிற்று. வரிசைதான் ஏற்கெனவே நிற்கிறதே, அதையே பஸ் ஆக்கிவிட்டார்கள். வாட்ச்மேன் டிரைவர். முதுகில் மாட்டிய பையை முதல்முறையாகத் தானே கழற்றி எறிந்துவிட்டு, பிளாஸ்டிக் தட்டு ஒன்றை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டாள். இரட்டைச்சடைக்குக் கண்டக்டர் வேலை கிடைத்ததும் பஞ்சாயத்து முடிந்தது. “போலாம் ரைட்!” என்று அவள் கத்த, பழம் சாப்பிட்டு முடித்த பஸ், கை கழுவி, குழாயடியில் டீசல் போட்டுக்கொண்டு, ஊஞ்சலுக்குப் புறப்பட்டது. ஊஞ்சல் ஸ்டாப்பில் தலைவர் ஊஞ்சலை விட்டு இறங்கவே மாட்டேன் என்றான். “வண்டி கிளம்புது, வரலைன்னா அடுத்த பஸ்லதான் வரணும்” என்றாள் டிரைவர். தலைவர் அலறிக்கொண்டு ஓடிவந்து ஏறினான். யார் பேச்சையும் கேட்காத பையன்! வாத்தியார் பின்சீட்டில் தொங்கிக்கொண்டு போனார். பல வருஷமாக இவ்வளவு சந்தோஷமாக அவர் எந்தப் பஸ்ஸிலும் போனதில்லை.

சாப்பாட்டு அறைக்குப் போக வராந்தாவைக் கடக்க வேண்டும். பஸ் திரும்பிய இடத்தில் பெரிய மிஸ் நின்றுகொண்டிருந்தார். கையில் போன். சத்தத்தைக் கேட்டு வந்திருக்கிறார். அவர் வாயைத் திறப்பதற்குள் டிரைவர், “பாம்! பாம்!” என்று ஒலித்தாள்.

“என்ன சார் இதெல்லாம்? அந்தப் புள்ள எங்க?” என்றார் பெரிய மிஸ், பஸ்ஸின் மூக்கில் நிற்கும் பிள்ளை யார் என்று அடையாளம் தெரியாமல்.

“வழி விடுங்க மிஸ். இங்க ஸ்டாப் இல்ல. ஸ்டாப்புல வந்து ஏறணும்” என்றாள் டிரைவர்.

 வேலை போச்சு என்றே வாத்தியார் முடிவு செய்துவிட்டார். பெரிய மிஸ் அந்தப் பிள்ளையை உற்றுப் பார்த்தார். மூன்று வாரமாகக் கதவருகே மூக்கு ஒழுக நின்ற அதே பிள்ளை. பார்த்துக்கொண்டே இருந்தவர், போனைக் கைப்பைக்குள் போட்டார். விறுவிறுவென்று சாப்பாட்டு அறை வாசலுக்கு நடந்து போய், ஒரு ஓரமாக நின்று, கையை நீட்டி வண்டியை நிறுத்தினார். இரட்டைச்சடை கொஞ்சமும் கூசாமல், “டிக்கெட் எடுங்க” என்றாள்.

சாப்பாடு ஆயிற்று. பெரிய மிஸ் இறங்கிப் போகும்போது வாத்தியாரைப் பார்த்து, “மீசையத் துடைங்க தம்பி” என்றார். அந்த ‘தம்பி’ வாத்தியாருக்குச் சம்பள உயர்வு மாதிரி இருந்தது.

பாய் ஸ்டாப்பில்தான் ஒரு சிக்கல். எல்லோரும் படுத்தாயிற்று, டிரைவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். “டிரைவர் தூங்கக்கூடாது மிஸ். தூங்கினா வண்டி மோதிடும்” என்றாள், கண் சொருகிக்கொண்டே. நியாயமான பேச்சு, மறுத்துப் பேச முடியுமா? வாத்தியார் அவளுடைய ஷூ இரண்டையும் எடுத்துவந்து பாய்க்குப் பக்கத்தில் வைத்து, “வண்டிய ஓரமா நிறுத்தியாச்சு. பிரேக்கும் போட்டாச்சு” என்றார். அவள் ஷூவை அசைத்துப் பார்த்தாள். நிற்கிறது என்று உறுதியானதும் அதன் மேலேயே ஒரு கையை வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். தூங்குகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு ஆயாம்மாவும் வாத்தியாரும் சத்தம் வராமல் கையைத் தட்டிக்கொண்டார்கள்.

கதையும் முடிந்தது. குருவி வீட்டு அட்டைக்குப் போனது, தொப்பி வைத்த அம்மாவுக்கு மேலே. இந்தமுறை நேர்வழியில், எல்லா ஸ்டாப்பிலும் நின்று வந்திருந்தது. அம்மாக்களும் அப்பாக்களும் அத்தைகளும் தாத்தாக்களும் வந்தார்கள். ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். தலைவர் போனான். இரட்டைச்சடை நீலச் சடையை ஆட்டிக்கொண்டு போனாள். வகுப்பு காலியாயிற்று.

வாட்ச்மேனின் அம்மா மட்டும் வரவில்லை.

வாத்தியார் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தார். எட்டி எட்டிப் பார்த்தார். கேட் வரை போய்விட்டு வந்தார். குருவி வந்துவிட்டது, அம்மா இல்லை. அவர் கொடுத்த வாக்கு காற்றில் தொங்கியது. நாள் முழுக்க இழுத்துப் பிடித்த கயிறு கடைசிக் கணத்தில் அறுந்துவிடுமோ என்று பயந்தார். நாளைக்கு இந்தப் பிள்ளை குருவியை நம்புவாளா? தன்னை நம்புவாளா? என்னவாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“கண்ணு, அம்மா வந்து…”

“பாலத்துல நிக்கும் மிஸ்” என்றாள் அவள். ஸ்டியரிங் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “எப்பவும் நிக்கும். அப்புறம் வந்துரும். நீங்க பயப்படாதீங்க.” சொல்லிவிட்டு அவர் முழங்காலை ரெண்டு தட்டுத் தட்டினாள்.

 வாத்தியார் மீசையைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

அடுத்த கொஞ்ச நேரத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த அம்மா ஓடிவந்தார். மூச்சு வாங்கியது. “பாலத்துல லாரி ஒண்ணு பழுதாகி நின்னுடுச்சு சார். மன்னிச்சுக்குங்க சார். நாள் பூரா வண்டி நிக்கிற இடத்துல எல்லாம் போனைப் பார்த்துட்டே இருந்தேன். வரவே இல்ல. வராததுக்கு சந்தோஷப்படறதா பயப்படறதான்னே தெரியல. அழுதாளா சார்?”

மகள் அதற்குள் பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். வயிற்றில் முகத்தை அழுத்தி, டீசல் மணக்கும் உடுப்பை முகர்ந்து, கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். அம்மா குனிந்து அவளைத் தூக்கப் போனார். அவள் நழுவினாள்.

“இரும்மா. குருவி இன்னும் டிப்போவுக்குப் போகல.”

“நாளைக்குப் பாத்துக்கலாம் வா, வீட்டுக்குப் போகணும்.”

“நாளைக்கு முதல்லேருந்து கிளம்பணும்ல?” என்று கேட்டுவிட்டு உள்ளே ஓடினாள். குருவியைப் பிடித்தாள். வீட்டிலிருந்து கதைக்கு, பீப். கதையிலிருந்து பாய்க்கு, பீப். பாயில் கொஞ்ச நேரம் நிறுத்திப் பிரேக்கைச் சரிபார்த்தாள். தட்டு. ஊஞ்சல். ஊஞ்சலில் யாரோ இறங்காமல் அடம்பிடித்தார்கள் போலிருக்கிறது, அவர்களைத் திட்டினாள். ஒரு ஸ்டாப்பைக்கூட விடவில்லை.

அம்மா செருப்பைக் கழற்றாமல், உள்ளேயும் வராமல், வெளியேயும் போகாமல், கதவைப் பிடித்தபடி கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்து வழிந்தது, அவர் துடைக்கவில்லை. ஆயாம்மா குடையும் கைப்பையுமாகப் பக்கத்தில் வந்தார். “பாத்தீங்களா சார், வாட்ச்மேன் வேலைக்குப் புது ஆள் வந்தாச்சு” என்றார்.

“சீக்கிரம் வாடி செல்லம்” என்று அம்மா வாசலிலிருந்து கெஞ்சினார்.

மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நடுவுல இறங்கக்கூடாதும்மா. பொறு, வந்துட்டேன்.”